வேலுத்தாய் அக்கா மாட்டிய இரண்டாவது டேங்க்

சின்னமனூரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாழைத்தார் ஏற்றி வந்த லாரி ஒன்று எதிரே நின்றது. அதன் டிரைவர் தலையை நீட்டி, "அண்ணே, வேலுத்தாய் அக்கா காலைல தவறிட்டாகளாம்" என்றார். கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு அக்கா ஊரான ஓடைப்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

அக்காவிடம் எழுபதுகளில் லாரி ஓட்டியவன் நான். கணவர் காய்ச்சலில் இறந்தபின் அவர் விட்டுப்போன ஒற்றை லாரியை வைத்துத்தான் அக்கா குடும்பம் நடத்தினார். "பொம்பளைக்கு எதுக்கு லாரி?" என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. கணவரின் அண்ணனோ அதை வாங்குவதற்கு ஆளையே பார்த்து வைத்திருந்தார்.

அவருக்கு வசதியாக டீசல் தட்டுப்பாடும் வந்தது. மெட்ராசுக்கு ஏற்றிய பன்னீர் திராட்சை, திருச்சி பங்க் வரிசையில் நின்றே அழுகி ஒழுகியது. "இன்னொரு லோடு இப்படிப் போச்சுன்னா வண்டிய வித்துரணும்" என்றார் அண்ணன். அக்கா சரி என்று ஒப்புக்கொண்டார். மறுநாளே மதுரைக்குப் போய், உடைக்கப் போட்டிருந்த ஒரு பஸ்ஸின் டீசல் டேங்க்கோடு வந்து இறங்கினார். வழியில் எங்கும் டீசலுக்கு நிற்காமல் மெட்ராஸ் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கணக்கு. தேனி வெல்டர் அதை வண்டியின் இடப்பக்கம் மாட்டிக் குழாய் இழுத்துக் கொடுத்தார். அடுத்த திராட்சை அறுப்புக்கு முந்தைய நாட்களில், பங்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்த டீசலை அதில் சேர்த்தோம்.

தீப்பிடித்துவிடுமோ என்று எனக்குப் பயம். "ரெண்டு டேங்க்குக்கு நடுவுல உக்காந்து ஓட்டச் சொல்றீகளே, எனக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல?" என்றேன். அக்கா கோபிக்கவில்லை. "நீ பயப்படுற டேங்க்குக்கு மேல நான் உக்காந்து வாரேன், தம்பி" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கேபினில் ஏறிவிட்டார். தாலியறுத்தவள் லாரியில் போகிறாள் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பழைய டேங்க்கில் ஓட்டிவிட்டுப் புதியதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். "வேண்டாம். தெரியாதத ஊருக்குப் பக்கத்துலயே சோதிச்சுப் பாத்துருவோம். தெரிஞ்சத தூரத்துக்கு வச்சுக்குவோம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. வத்தலகுண்டை நெருங்கும்போது குழாய் இணைப்பில் காற்றுப் புகுந்து இன்ஜின் இருமி நின்றது. தெரிந்த மெக்கானிக் பக்கத்திலேயே இருந்ததால், இணைப்பை இறுக்கிவிட்டு வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட்டோம். என் பேச்சைக் கேட்டிருந்தால் விழுப்புரம் பக்கம் பொட்டல் காட்டில் நின்றிருப்போம்.

திருச்சியில் நம்ம ஊர் வண்டிகள் பங்க் வாசலில் வரிசைகட்டி நின்றன. கெத்தாக ஹாரனில் கை வைத்தேன். "அடிக்காதப்பா, அவுக வெந்துபோய் நிக்கிறாக" என்று தடுத்துவிட்டார். விடியும்போது மெட்ராஸ் கொத்தவால்சாவடிச் சந்தையில் இருந்தோம். பழம் கொடியிலிருந்து இறக்கியது போலவே இருந்தது. நல்ல விலைக்குப் போனது.

திரும்பி வந்தபோது, வாங்க வந்த ஆளோடு அண்ணன் வாசலில் காத்திருந்தார். அக்கா கேபினிலிருந்து இறங்கி, "வாங்க அத்தான், காப்பி சாப்பிடுங்க. வண்டி குடுக்கிறதா இல்ல. இவுக வண்டிக்கும் ஒரு டேங்க் வேணும்னா, வெல்டர்கிட்ட நானே சொல்லிவிடுறேன்" என்றார். வாங்க வந்த மனிதர் காப்பி குடித்துவிட்டு, நிஜமாகவே வெல்டர் கடைக்கு வழி கேட்டுக்கொண்டு போனார்!

அக்காவை எடுத்துப் போகையில் நானும் தோள் கொடுத்தேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவரோடு பழகிய உங்கள் ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றி ஒன்று இருக்கும். என்னிடம் இருப்பது இதுதான்: வேலுத்தாய் அக்கா தன் லாரியைத் தன்னுடையதாகவே நிறுத்திக்கொண்ட அந்த ஓட்டத்தில், ஸ்டியரிங் பிடித்தது இந்தக் கைகள்.