குளவிக் கூடும் திருப்பி மாட்டிய லென்ஸும்

நான் லென்ஸைத் திருப்பி மாட்டியிருக்கிறேன் என்று என்னிடம் சொல்லாத ஆள் செங்கல்பட்டு மாவட்டத்தில் இனிமேல்தான் பிறக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். டீக்கடைக்காரர் சொன்னார். கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா, ஜென்மத்தில் கேமராவைத் தொட்டிராதவர், "பாப்பா, அத்தப் பொரட்டி மாட்டிகினு கீற பாரு" என்று அக்கறையாகச் சொன்னார். ஐயா, தெரியும்! தெரிந்துதான் மாட்டியிருக்கிறேன். சாதாரண லென்ஸின் பின்பக்கம் முன்னால் வருகிற மாதிரி பொருத்தினால் எறும்பு எருமை அளவுக்குத் தெரியும். அப்படிப் பொருத்துவதற்கென்றே ரிவர்ஸ் ரிங் என்று ஒரு வளையம் விற்கிறது. மேக்ரோ படம் எடுக்க ஆசைப்பட்டு, அதற்கான லென்ஸின் விலையைப் பார்த்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேருகிற இடம் இந்த வளையம்தான்.

நானும் நேராக அங்கே வந்து சேரவில்லை. முதலில் க்ளோஸ்-அப் ஃபில்டர் வாங்கினேன். லென்ஸுக்கு முன்னால் திருகுகிற பூதக்கண்ணாடி, அவ்வளவுதான். நடுவில் பூச்சி நன்றாக இருக்கும், ஓரமெல்லாம் வெங்காயம் நறுக்கிய கண்ணால் பார்ப்பது போலக் கலங்கியிருக்கும். அடுத்து எக்ஸ்டென்ஷன் டியூப். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் செருகுகிற குழாய். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது. பார்சலைப் பிரித்ததும் என் மாமியார் அதை வாங்கிக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணியும் காணோமே."

"ஒண்ணும் இருக்காது அத்தை. அது அப்படித்தான்."

"வெறும் ஓட்டையவா வாங்கினு வந்த?"

ஓட்டைதான். நல்ல ஓட்டை.

என் மாமியார் அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டில் அவர், என் வீட்டுக்காரர், நான் என்று மூன்றே பேர். மாமியாருக்கு உலகத்தில் எல்லோருமே சத்துமாவு கொடுத்துத் தூங்கவைக்க வேண்டிய பிள்ளைகள்தான். நாற்பதை நெருங்குகிற மகன் வெளியே கிளம்பினால் இன்னமும் "ஒண்ணுக்குப் போய்ட்டியாடா?" என்று கேட்பார். அவரும் போய்விட்டு வருவார்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஓர் ஆஸ்பத்திரியில். கல்யாணமாகிச் சில வருஷங்கள் குழந்தை இல்லாமல் போக, அதற்கென்று இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம். காத்திருக்கிற ஹாலில் சுவர் முழுக்கக் கொழுகொழுவென்று சிரிக்கிற குழந்தைகளின் போஸ்டர். எவனுக்கு வந்த யோசனையோ, அவன் நன்றாக இருக்கட்டும். அதுகளைப் பார்ப்பதற்கு, வாஷ்பேசின் ஓரமாக வரிசை போகிற எறும்பைப் பார்ப்பது எவ்வளவோ மேல் என்று பார்க்க ஆரம்பித்தேன். ஊசி, மாத்திரை, அழுகை எல்லாம் ஒருநாள் போதும் போதும் என்று ஆனது. சிகிச்சையை நிறுத்திவிட்டோம். எறும்பு மட்டும் என்னோடு வந்துவிட்டது.

பிறகு நானும் அவரும் பேசிப் பேசி, தத்தெடுக்கப் பதிவு செய்தோம். அதை மாமியாரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் முடியாது என்பதும் தெரியும். வீட்டைப் பார்க்க ஒரு சமூகப் பணியாளர் வருவார், வீட்டில் இருக்கிற பெரியவரிடமும் சம்மதமா என்று கேட்பார். மாமியார் முகத்தைச் சுளித்தால் எங்கள் குழந்தை வராது. என் பயமெல்லாம் அது ஒன்றுதான். பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஒரு கல்யாண வீட்டில் யாரோ தத்தெடுத்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது, மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் விருட்டென்று எழுந்து போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சரி, குளவிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் போவோம். கோயில் பக்கம் கூட்டம். அதைத் தாண்டி, வலை காயப்போட்டிருக்கிற குப்பத்துப் பக்கம் போய், சுண்டுவிரல் நகம் அளவு நண்டுகளைத் தேடுவேன். லென்ஸைத் திருப்பி மாட்டினால் ஃபோகஸ் வளையம் அநேகமாக உதவாது. உடம்பைத்தான் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். மூச்சு விட்டால் போச்சு, கண் தெளிவாக இருந்தது கால் தெளிவாகிவிடும். ஆகவே நான் மணலில் குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஃப்ளாஷை நீட்டிக்கொண்டு நிற்பார். வெளிச்சம் முகத்தில் அறையாமல் இருக்க அதன் தலையில் ஒரு தயிர் டப்பாவைக் கவிழ்த்திருந்தோம். அரை கிலோ தயிரை ஒரே வேளையில் தின்று டப்பாவைக் காலி செய்தது அவருடைய பங்களிப்பு.

ஒருநாள் அப்படிக் கிடந்தபோது தலைக்கு மேல் ஒரு மீனவரின் குரல்.

"இன்னா மேடம், இன்னா தொலச்ச?"

பேசினால் நண்டு ஓடிவிடும். பேசவில்லை. அதை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஐயய்ய, தாலிச் சரடா? டேய், வாங்கடா இங்க!"

வலை பிரித்துக்கொண்டிருந்த மூன்று பேரும், மீன் கூடையோடு ஓர் அக்காவும் ஓடிவந்து மணலைச் சலித்தார்கள். என் வீட்டுக்காரராவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அவரும் சேர்ந்து தேடிக்கொண்டிருந்தார். நான் எழுந்து உட்கார்ந்து, தாலி கழுத்தில்தான் இருக்கிறது, நண்டைப் படம் எடுக்கிறேன் என்றதும் அந்த அக்கா இடுப்பில் கை வைத்தார்.

"நண்டு பாக்கவா மண்ணுல பொரள்ற? எங்கையில கேட்டா கூடையோட காட்டுவேன்ல?"

காட்டினார். வாங்காமல் வர முடியவில்லை. கேமராவுக்குள் மணல் நறநறத்தது. அதைச் சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கிய பிறகு, இனிமேல் வீட்டுக்குள்ளேயே பூச்சி பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

பார்த்தேன். ஹாலில் ஜன்னலுக்கு மேலே மூலையில் ஒரு குளவி, கறுப்பு உடம்பு, நூல் மாதிரி மஞ்சள் இடுப்பு, மண் கொண்டுவந்து அப்பிக்கொண்டிருந்தது. கூட்டின் ஒவ்வோர் அறையிலும் மயக்கிய சிலந்திகளை அடைத்து, முட்டை வைத்து, மூடிவிட்டுப் போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளேயிருந்து குட்டிக் குளவி வெளியே வருகிற அந்த நிமிஷத்தைப் பிடித்துவிட வேண்டும்! நான் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்து மாமியாரும் அண்ணாந்தார். அண்ணாந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"குளவி கூடு கட்டிகீதுடீ! வூட்ல புள்ள வருது!"

வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறார்கள் என்பது எங்கள் பக்கத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு மேலான நம்பிக்கை. கூட்டைக் கலைக்கவும் கூடாது. வீட்டில் இருக்கிற மூன்று பேரில் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. சாயங்காலம் நான் பொத்தேரியில் கல்லூரி ஆபீஸ் வேலை முடித்து வருவதற்குள் தெருவே கண்டுபிடித்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்து கூட்டைப் பார்த்து, மண் சிவப்பு, அதனால் பெண்தான் என்றார். பக்கத்து வீட்டு அக்கா, ட்யூப் லைட் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது, நிஜத்தில் கறுப்பு, பையன்தான் என்றார். இரண்டு பேரும் என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி கூட்டைப் பார்த்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, எல்லோரையும் தள்ளிக் கதவைச் சாத்தலாம் போல ஆத்திரமும் வந்தது. "ஒண்ணும் இல்லக்கா" என்றேன். "மூணு மாசம் வரைக்கும் அப்டிதான் சொல்லணும்" என்று கண்ணடித்தார்கள்.

மறுநாளிலிருந்து மாமியார் மாதுளம்பழம் உரித்து என் டிபன் டப்பாவில் வைத்தார். அதுகூடப் பரவாயில்லை. என் தொழிலில் கை வைத்தார். குப்புறப் படுக்காதே. ஸ்டூலில் ஏறாதே. வெயிலில் செடிக்குள் தலையை விடாதே. மேக்ரோ படம் எடுக்கிறவள் படுக்கவும் கூடாது, ஏறவும் கூடாது என்றால் வேறு எப்படித்தான் எடுப்பாள்? வேறு வழியில்லாமல் ஜன்னலுக்கு நேராக ஒரு ட்ரைபாட் நிறுத்தினேன். பத்து நிமிஷத்தில் அதில் ஈரத் துண்டு தொங்கியது.

இப்படி ஒரு மாதம் ஓடியிருக்கும், அந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. சமூகப் பணியாளர் அம்மா, வருகிற திங்கட்கிழமை வருகிறேன், வீட்டில் பெரியவங்களையும் இருக்கச் சொல்லுங்க என்றார். என் வீட்டுக்காரர் மொட்டைமாடியில் நின்று பேசிவிட்டு, முகம் வெளுத்துப்போய் இறங்கி வந்தார்.

"நீயே சொல்லிடேன்."

"உங்க அம்மாவா, எங்க அம்மாவா?"

"உன்கிட்டதான் நல்லா பேசுது."

"மாதுளம்பழம் ஊட்டிகிட்டு இருக்கவங்ககிட்ட நான் எந்த மூஞ்சியை வெச்சிகிட்டுப் போய்ச் சொல்றது?"

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் அவர் ஒருவழியாகத் துணிந்தார். "ம்மா, ஒரு விஷயம்..." என்று தொண்டையைச் செருமினார். மாமியார் கரண்டியோடு நிமிர்ந்து "இன்னாடா?" என்றார். "சாம்பார்ல உப்பு கம்மி" என்றார் என் வீட்டுக்காரர். கட்டிக்கொண்ட புருஷன், என்ன செய்வது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாமியார் ஹாலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கத்தினார். "ஏய், ஓடியா! கூட்ல எதுவோ சொரண்டுது!"

ஓடினேன். கூட்டில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. லென்ஸைத் திருப்பி மாட்டி, துண்டை உருவி எறிந்துவிட்டு, எல்லாத் தடையையும் மீறி ஸ்டூலில் ஏறினேன். இன்னொரு ஸ்டூலில் ஏறி, தயிர் டப்பா ஃப்ளாஷோடு என் வீட்டுக்காரர் நின்றார். மாமியார் கீழே நின்று இரண்டு ஸ்டூலையும் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். ஓட்டை பெரிதானது. மண் உதிர்ந்தது. தலை வெளியே வந்தது.

கறுப்பு இல்லை. பச்சை. பச்சையும் நீலமும் கலந்து, அப்படி ஒரு மின்னல்! ஃப்ளாஷ் அடிக்க அடிக்க அது ஜொலித்தது. விடாமல் அழுத்தினேன். இருபது படத்தில் ஒன்று நிச்சயம் தெளிவாக விழுந்திருக்கும் என்று இறங்கி, கேமரா திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பச்சக்கல்லு மூக்குத்தி மாரி கீதே! ஆமா, கட்னவ கறுப்பா இல்ல இருந்தா? இது அவ புள்ள இல்லியே."

அது குயில் ஜாதி வேலை செய்கிற குளவி. அடுத்தவள் கூட்டில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். அதன் குஞ்சு உள்ளே இருக்கிற கூட்டுக்காரியின் குஞ்சைத் தின்றுதான் வளரும். இது எனக்கும் தெரியும், கூட உட்கார்ந்து யூடியூப் பார்த்த என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அவர் இன்னும் ஸ்டூலிலேயே நின்றுகொண்டு, "ம்மா, அது வந்து, உள்ள இருந்த நெஜப் புள்ளய இது..." என்று ஆரம்பித்தார். கெண்டைக்காலில் கிள்ளினேன். ஃப்ளாஷ் ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

"வேற ஒருத்தி வெச்சிட்டுப் போன முட்டை அத்தை. நம்ம வீட்டுக் கூட்டுல வளந்துச்சு."

மாமியார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"நாளைக்கி வர்ற அம்மாவுக்கு இன்னா செய்யறது? கேசரி போதுமா, வடையும் சுடட்டுமா?"

என் வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து விழவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

"உனக்கு எப்டிம்மா தெரியும்?"

"மாடில நின்னுகினு ஸ்பீக்கர் போட்டுப் பேசற. தெருவுக்கே கேக்குது, எனுக்குக் கேக்காதா?"

எனக்கு அப்படியே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை நாள் தூக்கம் கெட்டது எனக்கல்லவா! "அப்ப ஏன் அத்தை ஒரு வார்த்தை சொல்லல? கல்யாண வீட்ல பேச்சு வந்தப்போ எழுந்து போனீங்களே, எவ்ளோ பயந்தோம் தெரியுமா?"

"பந்தி போட்டாங்க, போனேன்" என்றார் மாமியார்.

உட்கார்ந்து பூண்டுத் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டார். பிறகு அவர் குரல் இறங்கியது. "ஊரான் புள்ளைங்களுக்கு மூக்கு தொடச்சி, குண்டி கழுவிதான் இவன வளத்தேன். என்கிட்ட வந்து கேக்க உங்களுக்கு வாய் வரலியேன்னு எனக்குதான் பேஜாரா இருந்திச்சி. நீங்களா சொல்லட்டும்னு பாத்துகினு இருந்தேன். சாம்பார்ல உப்புன்றான்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பூண்டு உரிக்கிற சாக்கில் அழுது தீர்த்தேன்.

திங்கட்கிழமை அந்த அம்மா வந்தார். சின்ன வயசுதான், நல்ல மாதிரி. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், எங்களிடம் தனித்தனியாகப் பேசினார். நேற்று எடுத்த படத்தை என் வீட்டுக்காரர் அவசரமாகப் பெரிதாகப் போட்டு மாட்டியிருந்தார். "எவ்ளோ அழகு! இது எப்படி வளருது?" என்று அந்த அம்மா கேட்க, என் வீட்டுக்காரர் ஆசையாக வாயைத் திறந்தார். நான் வடைத் தட்டை நீட்டினேன்.

கடைசியாக அந்த அம்மா என் மாமியார் எதிரில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்துகொண்டு, "இந்த வீட்டுக்கு ஒரு குழந்தை வர்றதுல உங்களுக்கு முழு சம்மதம்தானேம்மா?" என்றார். நான் சமையலறை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமியாருக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை.

"என்ன ஏம்மா கேக்கற? அந்தப் புள்ளைக்கு எங்களப் புடிக்குமான்னு கேட்டுச் சொல்லு."