புள்ளி புள்ளியாக ஓர் உயிரணு: சாலையிலிருந்து ஸ்ரீகாரியம் வரை

என் கடைசி மகள் இசக்கியம்மாள் ஸ்ரீகாரியம் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களைப் படம் எடுக்கிறாள். அதை நேரில் பார்க்கத்தான் போன இரண்டாம் சனிக்கிழமை கிளம்பினேன். எழுபது வயதில் எழுத்துக் கற்றவன் நான். மெதுவாக எழுதுவேன், ஆனால் வழி தப்பாமல் சொல்வேன்.

சாலை என்பது எங்கள் கடைத்தெருவின் பெயர். அங்கிருந்து கிழக்கேகோட்டை பஸ் நிலையம் பத்து நிமிட நடை. பஸ் பலகை மலையாளத்தில் இருக்கும்; எனக்கு இன்னும் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். கண்டக்டரிடம் கேட்டேன். "இதுதன்னே, கேறிக்கோ அண்ணாச்சி" என்றார். ஏறினேன். காலை 8.20க்குப் புறப்பட்டது. பத்து கிலோமீட்டர், ஏழு ரூபாய், முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய்.

இசக்கி எனக்குச் சொன்னது இது: உயிரணுவுக்குள் இழைகள் இருக்கின்றன. அவற்றில் ஒளிரும் சாயம் ஏற்றுகிறார்கள். எல்லாம் சேர்ந்து ஒளிர்ந்தால் பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒட்டி, மங்கலாகத் தெரியும். அதனால் ஒரு நேரத்தில் சில புள்ளிகளை மட்டும் மின்னவிட்டு, ஒவ்வொன்றின் நடுவையும் கணினி குறித்துக்கொள்கிறது. பத்தாயிரம் படம் சேர்ந்துதான் ஒரு படம், இருபது நிமிடம். இந்த முறை 2006இல்தான் உலகத்துக்கே வந்ததாம், மூன்று வருடம்தான் ஆகிறது.

அன்று எடுத்துக்கொண்டிருந்தது, திங்கட்கிழமை இசக்கி தன் ஆய்வு வழிகாட்டியிடம் காட்ட வேண்டிய படம். கண்ணாடித் தகட்டில் நல்ல உயிரணு இரண்டுதான் மிச்சம். ஒருமுறை படம் எடுத்தால் சாயம் வெளுத்துவிடும்; அதே உயிரணுவை மறுபடி எடுக்க முடியாது.

முதல் உயிரணுவின் படம் பாதி வந்திருந்தது. சாலையில் நாற்பது வருடம் மூட்டை சுமந்தவன் நான். தராசோ வண்டியோ, தொழில் செய்யும் பொருளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் நாங்கள் தாண்டமாட்டோம். கை தானாகப் போய்க் கருவியிருந்த மேசையைத் தொட்டது. அது அதிர்வு படாமலிருக்கக் காற்றில் மிதக்கவிட்ட மேசை; தொட்டாலே ஆடும். திரையில் இழைகள் எல்லாம் இரட்டையாகிவிட்டன.

"அப்பா, இது மூட்டை எறக்குற மேசை இல்ல" என்றாள் இசக்கி.

கூட வேலை செய்யும் பிந்து, "சாரமில்ல, இனி ஒண்ணு உண்டல்லோ" என்றாள். பரவாயில்லை, இன்னும் ஓர் உயிரணு இருக்கிறதே என்று அர்த்தம்.

இசக்கி இரண்டாவது உயிரணுவைத் தொடங்கிவிட்டாள். நான் வெளியே போகிறேன் என்றேன். கதவைத் திறந்தாலும் ஆடும் என்று இசக்கி தடுத்தாள். "தலையில மூட்டையோட நிப்பீங்கள்லா, அப்படியே நில்லுங்க."

நின்றேன். இருபது நிமிடம் செருமக்கூட இல்லை. திரையில் புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. மெல்ல நூல் நூலாகப் பிரிந்தன. இரண்டு இழைகளுக்கு நடுவே மெல்லிய இருட்டு வந்தது. இசக்கி அந்த இருட்டைத்தான் விரலால் காட்டிச் சிரித்தாள்.

போகிறவர்களுக்கு: முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். உள்ளே குளிரும், துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கும்பிடத் தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள். நான் வாசலுக்கு வந்த பிறகு இசக்கியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அது ஆடினால் படத்துக்கு ஒன்றும் ஆகாது.