மூன்று சீரில் நின்ற வரி

கோவிந்தராஜ் போய்விட்டார் என்று அவர் மகள் சுமதி வெள்ளிக்கிழமை காலையில் போனில் சொன்னாள். துக்கத்தோடு எனக்கு ஓர் ஆற்றாமையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கும்போது கேட்பதற்கென்று அவருக்காக ஒரு கேள்வி வைத்திருந்தேன்.

நம் தமிழ்ச் சங்கத்தார் எல்லோரும் அவரை அறிவீர்கள். ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படித்தது கன்னடப் பள்ளி என்பதால் தமிழ்க் கவிதையையும் கன்னட எழுத்தில்தான் எழுதுவார். ஆண்டு மலருக்காக அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றுவது என் வேலை. வங்கியில் முப்பது வருடம் பிறர் எழுதியதைத் திருத்திய கை சும்மா இருக்குமா?

ஒருமுறை, இளமை போனதைப் பற்றி எழுதிக் கொடுத்தார். சாமுண்டி மலைப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறியவர், வயதான பின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறார். கவிதை இப்படி முடியும்:

ஏறிய கால்கள் எங்கே
கேட்டேன், நிமிர்ந்து நின்றன படியே.

மற்ற வரிகளிலெல்லாம் நான்கு சீர். கடைசிக்கு முந்தைய வரியில் மட்டும் மூன்று. ஒரு சொல் விட்டுப்போயிற்று என்று நினைத்து, 'எங்கே போயின' என்று நானே நிரப்பி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மலரைப் பார்த்துவிட்டு, "இர்லி சார், இருக்கட்டும், படியேற ஒரு கை குடுத்திருக்கீங்க" என்றார். நன்றி சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அன்று காபியும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

போன மாதம் யாப்பு நூல் ஒன்றைப் புரட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தைய வரி மூன்று சீரில்தான் நிற்க வேண்டுமாம். வெட்கமாக இருந்தது. பிறகு ஆர்வம் பிடித்துக்கொண்டது. விதி தெரிந்து எழுதினாரா, இல்லை, மலையேறுகிறவனின் மூச்சு தானாக அங்கே நின்றதா? வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கால்களைப் பற்றிய வரி ஒரு சீர் குறைந்து தள்ளாடுகிறது. படிகளின் வரி முழுசாக நிற்கிறது, அவற்றுக்கு வயதாகவில்லை. என் 'போயின' அந்த வித்தியாசத்தையே அழித்திருந்தது. இதைத்தான் அவரிடம் கேட்டு மன்னிப்பும் கேட்க இருந்தேன்.

காரியத்தன்று, அந்தக் கவிதையை மலரிலிருந்து வாசிக்கும்படி சுமதி என்னைக் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"அப்பா வீட்ல சொல்றப்போ அந்த எடத்துல நிறுத்திடுவார் அங்கிள். மறந்துட்டார்னு நான்தான் மலர்ல பார்த்தபடி 'போயின'ன்னு எடுத்துக் குடுப்பேன்."

"அதுக்கு என்ன சொல்வார்?"

"திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிப்பார்."

அவர் கையால் எழுதிய கன்னட எழுத்துத் தாளை எடுத்து அவளே வாசித்தாள். 'எங்கே' என்றதும் நிறுத்தினாள். விதியா, மூச்சா என்பது எனக்கு இன்னும் தெரியாது. என் சொல் நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: ஒருவர் நிறுத்திய இடத்தில் நானும் நிற்பது.