ஆர்லிஸ் போட்ட கையெழுத்து

அமெரிக்காவின் வடகோடிக் குளிர் ஊரான டுலூத்தில் ஜனவரி மாதத்தில் கையுறையைக் கழற்றச் சொல்கிறவன் மனிதனே இல்லை என்பது ஆர்லிஸின் கட்சி. அவள் வேலை பார்த்த தொடுதிரைக் கம்பெனியின் சரக்கு பழைய ரகம். இரண்டு மெல்லிய ஏடுகள். அழுத்தினால் ஒன்றையொன்று தொடும். கையுறையோ பென்சிலோ, எதுவானாலும் வேலை செய்யும். ஆனால் சீக்கிரம் கீறி மங்கிவிடும். எதிர்க் கம்பெனியின் கண்ணாடித் திரை அழுத்தத்தைப் பார்க்காது, வெறும் விரல் பட்டால் உண்டாகும் மின்மாற்றத்தைப் பார்க்கும். பளபளப்பு அள்ளும், கையுறை போட்டால் மட்டும் ஊமை.

பதினெட்டு வருடம் அந்த ஆய்வுக்கூடத்தில் கம்பி பற்றவைத்தவள் ஆர்லிஸ். பட்டம் கிடையாது. 1998 மார்ச் பத்தாம் தேதி, எதிர்க் கம்பெனி மாதிரியே ஒரு கண்ணாடித் திரை செய்து, அதில் ஓடும் மெல்லிய மின்கோடுகளை மொத்தமாக இல்லாமல் ஒவ்வொன்றாக அளக்கும்படி கம்பி இணைத்து, தன் சாம்பல்நிறக் கம்பளிக் கையுறையோடு தொட்டாள். திரை கேட்டுக்கொண்டது. கட்டைவிரலில் ஓட்டை விழுந்த கையுறை அது. ஓட்டையில்லாத பக்கத்தால் தொட்டதையும் குறிப்பேட்டில் எழுதினாள். காப்புரிமையில் ஒருமுறையாவது தன் பெயர் வர வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை!

முதலில் கண்டுபிடித்தது யார் என்று சண்டை வந்தால் குறிப்பேடுதான் பேசும். பக்கத்தின் அடியில் இன்னொருவர் 'படித்தேன், புரிந்தது' என்று தேதியோடு கையெழுத்திட வேண்டும். பக்கத்து மேசை வெண்டெலும் அவளும் வெள்ளிக்கிழமைதோறும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்.

"படிச்சுப் பாக்க மாட்டியா?" என்பான் வெண்டெல்.

"கோழி கிண்டின மாதிரி எழுதிட்டு, படிக்க வேற சொல்றியா? தள்ளு இங்க."

"தேதி?"

"நீயே போட்டுக்க. எனக்கு பஸ் போயிடும்."

இலையுதிர் காலத்தில் வெண்டெல் எதிர்க் கம்பெனிக்குப் போனான். வழியனுப்ப ஆர்லிஸ் ஆப்பிள் கேக் சுட்டு வந்தாள். இரண்டு வருடம் கழித்து, கையுறைக்கும் கேட்கும் கண்ணாடித் திரைக்குக் காப்புரிமை வெளியானது. அதில் வெண்டெல் பெயர் மட்டும்தான். ஆர்லிஸின் கம்பெனி வழக்குப் போட்டது.

விசாரணை அறையில் வெண்டெல் எதிரே உட்கார்ந்திருந்தான். அவனுடைய வக்கீல் ஒரு பக்கத்தை நகர்த்தி வைத்தார். வெண்டெல் கைப்பட எழுதிய குறிப்பேட்டுப் பக்கம். தேதி 1998 மார்ச் மூன்று, அவளுடையதற்கு ஒரு வாரம் முந்தி. சாம்பல்நிறக் கையுறை, கட்டைவிரல் ஓட்டை, ஒன்று விடாமல் இருந்தது.

"இது என் கையுறை! கையுறையக்கூட விடலயாடா நீ?"

வெண்டெல் காப்பியில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினான்.

"அடியில இருக்கறது யாரு கையெழுத்து மேடம்?" என்றார் வக்கீல்.

"என்னோடது."

"படிச்சிட்டுத்தான் போட்டீங்களா?"

படித்தேன் என்றால் அவன்தான் முந்தி. படிக்கவில்லை என்றால், இதே லட்சணத்தில் வெண்டெல் கையெழுத்திட்ட அவளுடைய பக்கமும் குப்பை. அவளுடைய கம்பெனி வக்கீலே கண்ணை மூடிக்கொண்டார். பொய் சொல்ல ஆர்லிஸுக்கு வரவில்லை.

"படிக்கல. வெண்டெல்தானேன்னு போட்டேன்."

வழக்கு தோற்றது. அந்தத் திரை இப்போது டுலூத்தின் பெட்ரோல் பங்குகளில் எல்லாம் இருக்கிறது. கடுங்குளிரில் வண்டியை நிறுத்திவிட்டு மற்றவர்கள் கையுறையோடு தட்டிவிட்டுப் போகிறார்கள். ஆர்லிஸ் மட்டும் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் தொடுகிறாள்.