புதுசு கை வைத்த வண்டி

என் வீட்டுக்காரருக்குத் தொழில், பழைய கார்களின் உட்புறத்தைப் புதுசாக்குவது. வெளியே பெயின்ட் அடிக்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. உள்ளே அடிக்க இந்தப் பக்கத்தில் இவர் ஒருவர்தான். அதனால் எல்லோரும் கூப்பிடுகிற பெயரே ‘புதுசு’. கல்யாணமாகி வந்த நாளில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனுஷன் உடம்பில் புதுசாக ஒரு நூல்கூட இருக்காது, சட்டையெல்லாம் பெயின்ட்.

வேலையில் மட்டும் அப்படி ஒரு பிடிவாதம். டேஷ்போர்டைக் கழற்றி வாசலில் வைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் கழுவுவார். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிரைமர். அதன்மேல் மெல்லிசாக மூன்று பூச்சு. கலரை அட்டையைப் பார்த்துக் கலக்க மாட்டார். டேஷ்போர்டில் சாமான் வைக்கிற பெட்டியின் மூடியைத் திறந்து, வெயிலே படாத அந்த உள்பக்கத்தைப் பார்த்துத்தான் கலக்குவார். அரை மணி நேரம் உற்றுப் பார்ப்பார். என் முகத்தை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை, அது வேறு கதை. சீட் தைப்பது என் பங்கு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பெரிய வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்த கையோடு ஒரு கார் தரகர் எங்களைப் பிடித்துக்கொண்டார். அவர் கொண்டுவந்த முதல் வண்டியின் கார்பெட்டைத் தூக்கினால், அடியில் ஒரு விரல்கடை சேறு. நாற்றம் குடலைப் பிடுங்கியது. சீட்டுக்குக் கீழே வயர் முனைகளெல்லாம் பச்சை பூத்திருந்தன.

“இந்த வயரை மாத்தாம ஓட்டினா என்னைக்காவது நடுரோட்டுல நின்னுடும். இல்லேன்னா புகைய ஆரம்பிச்சுடும்,” என்றார் இவர்.

“உன்னை வயர் பாக்கச் சொன்னேனா? உள்ள பளபளன்னு இருக்கணும். அவ்வளவுதான் உன் வேலை.”

இவர் வாயை மூடிக்கொண்டார். நானும்தான், பொய் சொல்வானேன்? வேலையில்லாமல் பல மாதம் சும்மா உட்கார்ந்திருந்தோம், வாசலில் ஒரு வண்டி நிற்பதே பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த மாதிரி வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. இவரும் அதே பிடிவாதத்தோடு கழுவினார், தேய்த்தார், பூசினார். வேலை முடிந்து வண்டி கிளம்பும்போது மட்டும் வீட்டுக்குள் போய்விடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு நீல வண்டி வந்தது. சீட் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற வண்டி. பதினைந்து நாள் மாரடித்து, ஒரு மத்தியானம் கடைசிப் பூச்சு காய்ந்து, எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். அந்த நேரம் பார்த்து, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு என் நாத்தனார் வந்து நின்றாள். இவருக்கு ஒரே தங்கை.

“அண்ணே, எங்க வண்டி எப்படி இருக்கு?”

“எந்த வண்டி?”

“இதுதான்! தரகர்கிட்ட நாலு வண்டி பாத்தோம். இந்த நீல வண்டிக்கு உள்வேலை எல்லாம் புதுசு பண்றாருன்னாரு. அந்தப் புதுசு எங்க அண்ணன்தான்னு அந்தாளுக்கு என்ன தெரியும்? நானும் மூச்சு விடல. அப்புறம் என்ன, கண்ணை மூடிட்டு இதையே வாங்கிடலாம்னுட்டேன். நாளைக்கு எடுக்கிறோம்!”

பிள்ளைகள் பின் சீட்டில் ஏறிக் குதித்தன. “அத்தை, புது வாசனை அடிக்குது!” என்றது சின்னது. இவரோ கையில் துணியோடு, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். “நல்லா இருக்குல்ல அண்ணே?” என்று அவள் கேட்டதற்கு “ம்” என்றார். “ம்”மாம் “ம்”! எனக்கு வந்த ஆத்திரத்தில் பெயின்ட் டப்பாவை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

“வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“சொன்னா அந்தாளு இனிமே ஒரு வண்டி அனுப்ப மாட்டான்டி. மத்த தரகனுங்ககிட்டயும் போட்டுக் கொடுத்துடுவான். அப்புறம் நம்ம கதி?”

“என்னமோ ஆகட்டும். அந்தப் புள்ளைங்க உள்ள இருக்கும்போது புகைஞ்சா, அப்ப என்ன பண்ணுவீங்க?”

அவர் நேராக வண்டிக்குப் போய்ப் பின்பக்க சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். யாரும் இழுக்காத அளவுக்கு, கடைசிவரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதி முழுக்கச் சேற்றுக் கறை.

“இது தண்ணில முங்கின வண்டிம்மா. வயரெல்லாம் போயிடுச்சு. மத்த வண்டிங்க மாதிரி இதையும் நான்தான் பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கேன். வாங்காதே.”

விளையாடுகிறார் என்று நினைத்து முதலில் அவள் சிரித்தாள். பிறகு பெல்ட்டைப் பார்த்தாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழே இறக்கினாள். “நல்லவேளை, சொன்னியே அண்ணே,” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா என்று எனக்கும் மூச்சு வந்தது.

வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை.

“நான் தங்கச்சி, எனக்குச் சொல்லிட்டே. இதுக்கு முன்னாடி உன்னை நம்பி வாங்கிட்டுப் போனவங்க வீட்டுலயும் புள்ளைங்க இருக்குமே அண்ணே. அவங்களுக்கு யாரு சொன்னா?”

அவர் என்னைப் பார்த்தார். மொத்தம் பதினோரு வண்டி. அத்தனைக்கும் சீட் தைத்தது நான்தான்.