சிபிஆருக்குக் கார்புரேட்டர் கிடையாதாம்

இன்று காலை கியா பார்ம் ஏற்றத்தில் என் பழைய சிபிஆர் 150 மோட்டார் சைக்கிள் மூன்று முறை நின்றுவிட்டது. மத்தியானம் தேயிலை பேக்டரியில் எனக்கு ஷிப்ட். ஓட்டியும் தள்ளியும் பிரிஞ்சாங் டவுனுக்கு வந்து, ஒரு மோட்டார் கடையில், பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் ஜெட் கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். "சிபிஆர்னா பியூவல் இன்ஜெக்‌ஷன் லா அக்கா. கார்புரேட்டரே கெடையாது. ஒங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்க."

"இன்ஜெக்‌ஷன் அப்புறம் வந்த மாடல்ல. மொத மாடல்ல கார்புரேட்டர்தான்" என்றேன்.

நம்பவில்லை. வெளியே கூட்டி வந்து காட்டினேன்.

குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத யாருக்கா மாத்தி வெச்சது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெட்டை வாங்கி, கடை வாசலிலேயே உட்கார்ந்து, என் ஸ்பேனரால் நானே கழற்றி மாட்டினேன். இந்த மோட்டாரை வாங்கிய நாளிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது.

அவர் தலையாட்டினார். "பரவால்லையே, வீட்டுக்காரர் நல்லா சொல்லிக் குடுத்திருக்காரு."

ஷிப்டுக்கு நேரமானதால் அப்படியே மோட்டாரில் ஏறிக் கிளம்பிவிட்டேன். இன்னும் மனம் ஆறவில்லை.

என் வீட்டுக்காரருக்கு மோட்டார் லைசென்ஸே இல்லை. பின்னால் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொள்வார். இந்தப் பாராட்டை அவரிடம் சொல்லட்டுமா, வேண்டாமா?