அதே நம்பர்தான்

சுவருக்கு அந்தப் பக்கம் டெலிபோன் மணி அடித்தது.

பின் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஜெய்தூன் பீவி, முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அறுபத்திரண்டு வயதுக் கால்கள் அந்தச் சத்தத்துக்கு மட்டும் இருபது வயதுக் கால்களாகிவிடும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சந்தில் வரிசையாக நின்ற தண்ணீர்க் குடங்களைத் தாண்டி, அவள் முன் வீட்டுக்குள் நுழைவதற்குள் நாலாவது மணி அடித்துவிட்டது.

“ஓடாதீங்கம்மா, விழுந்து வைக்காதீங்க. மகன் எங்க போயிறப் போறாரு?” ஜெயமேரி சிரித்தபடி ரிசீவரை நீட்டினாள்.

“உனக்கென்ன டீச்சரு, உன் மக பக்கத்துத் தெருவுல பாண்டி ஆடுறா. கூப்பிட்டா வந்துருவா. என் மகன் கடலுக்கு அங்கிட்டுல்ல இருக்கான்.”

அது 1996ஆம் வருடம். நாகல் நகரில் இருந்த அந்த வீட்டின் சொந்தக்காரன் அப்துல் சுக்கூர், சவூதியில் தம்மாம் நகரத்தில் ஏ.சி. மெக்கானிக். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தே நுரையீரல் கெட்டுச் செத்துப்போன அத்தாவின் நினைவாக, பாலைவனத்து வெயிலில் வெந்து கட்டிய வீடு அது. முன்னால் இரண்டு போர்ஷன், வாடகைக்கு. பின்னால் ஒற்றை அறை, அம்மாவுக்கு. “நான் வந்து செட்டிலாகுற வரைக்கும்தாம்மா. அப்புறம் முன் வீட்ல ராணி மாதிரி இருப்பீங்க” என்று சொல்லியிருந்தான். சொல்லி ஏழு வருடம் ஆகியிருந்தது.

ஜெயமேரி அருகிலிருந்த ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. கணவனை இழந்தவள். அந்த வளவிலேயே டெலிபோன் வைத்திருந்தது அவள் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அங்கே சுக்கூர் பூத்துக்கு வரும்போது இங்கே மணி நாலு. அந்த நாலு மணிக்காகத்தான் ஜெய்தூன் பீவி மிச்ச ஆறு நாளையும் கழித்தாள் என்றால் அது மிகையில்லை.

“சாப்டியாப்பா?”

“சாப்டேம்மா. சுவத்துல எவனாச்சும் ஆணி அடிச்சானா? மேல் தொட்டி ஒழுகுச்சே, பார்த்தீங்களா? தண்ணி வந்துச்சா?”

“பத்து நாளாச்சு, நாளைக்கு வருதாம். நீ மெலிஞ்சிட்டியாமே, உன் ரூம்ல இருக்குற கிதரு சொன்னான்.”

“ரெண்டாவது வீட்டுக்காரங்களுக்குப் பதினோரு மாசம் முடியுது. சொல்லிட்டீங்களா?”

மகன் வீட்டைக் கேட்பான். தாய் மகனைக் கேட்பாள். இரண்டு கேள்விகளும் கடலுக்கு நடுவில் ஒன்றையொன்று பார்க்காமலே கடந்துபோகும். ஆனாலும் குரல் கேட்டதே, அது போதும் அவளுக்கு.

அந்தப் பதினோரு மாதக் கணக்கு, வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள பயம். பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுது, முடிந்ததும் ஆளை மாற்று. ஊன்றிவிட்டால் எழுப்ப முடியாது. தம்மாமில் ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்திருக்கும் எட்டுப் பேரும் இதைத்தான் பேசிக்கொள்வார்கள். அடுத்த போர்ஷனில் அப்படித்தான் ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். ஜெயமேரி விஷயத்தில் மட்டும் ஜெய்தூன் பீவி ஒவ்வொரு தடவையும், “அடுத்த மாசம் சொல்றேம்ப்பா” என்று தள்ளிப்போட்டாள்.

சொல்ல மனசு வந்தால்தானே! மகன் எழுதும் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுவது ஜெயமேரி. காய்ச்சலென்றால் கஞ்சி வைத்துத் தருவது ஜெயமேரி. நோன்பு நாளில் நாலு மணிக்கே எழுந்து சுவரைத் தட்டி, “அம்மா, சஹருக்கு நேரமாச்சு” என்று எழுப்புவதும் அந்தக் கிறிஸ்தவப் பெண்தான்.

1999இல், சுக்கூரின் அறைத் தோழன் கிதர் முகம்மது லீவுக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினான். போன இடத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அறையில் அவிழ்த்துக் கொட்டினான்.

“மாப்ள, வீடு உன் பேர்லதான் இருக்கு. ஆட்சி டீச்சரம்மாவோடது. உங்கம்மா சோறு திங்கிறது அங்க, ஒக்கார்றது அங்க. ஏமாந்த நேரமாப் பார்த்து ஒரு கைநாட்டு வாங்கிட்டாங்கன்னா என்னலே பண்ணுவே?”

அந்த வெள்ளிக்கிழமை தம்மாமிலிருந்து வந்த குரல், சமையலறையில் நின்ற ஜெயமேரிக்கே கேட்டது.

“டீச்சரைக் காலி பண்ணச் சொல்லுங்க. ஒரு மாசம் டைம். அவங்க வீட்டுப் பக்கமே நீங்க போகக் கூடாது!”

“ஏம்ப்பா, அவங்க போன்லதானே நீ பேசிக்கிட்டு இருக்கே...”

“புது போனுக்கு எழுதிப் போடுவோம். வர்ற வரைக்கும் லெட்டர் போடுறேன்.”

லெட்டர்! அதைப் படித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று அவன் யோசிக்கவில்லை.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பிய ஜெய்தூன் பீவிக்கு ஜெயமேரியின் முகத்தைப் பார்க்கக் கூசியது. ஜெயமேரியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர் வீடும்மா. நான் போயிடுறேன். நீங்க அழுவாதீங்க.”

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மாதா கோயிலை ஒட்டி ஜெயமேரிக்கு ஒரு வீடு அமைந்தது. டெலிபோன் ஆபீஸில் விசாரித்துவிட்டு வந்தவள், “ஒரே எக்ஸ்சேஞ்சாம், நம்பர் மாறாதாம்மா” என்று சும்மா சொல்லிவைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, முன் வீட்டில் கடைசி அழைப்பு. ஜெய்தூன் பீவி நிதானமாகப் பேசினாள்.

“டீச்சர் போனை நமக்கே விட்டுட்டுப் போறாங்கப்பா. என் ரூமுக்கு மாத்திக்கிட்டேன். நீ ஒண்ணும் எழுதிப் போட வேணாம். அதே நம்பர்தான்.”

வாழ்நாளில் மகனிடம் அவள் சொன்ன முதல் பொய். ரிசீவரை வைத்துவிட்டு ஜெயமேரியிடம் திரும்பினாள்.

“உன் வீட்டுக்கு வந்து பேசுறேன்னு தெரிஞ்சா, கோவத்துல கூப்பிடுறதையே விட்டுருவான் டீச்சரு. உன் மக மேல சத்தியமாச் சொல்லு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அடிச்சா நீ எடுக்கக் கூடாது. உன் குரலைக் கேட்டான்னா முடிஞ்சுச்சு.”

அன்று தொடங்கியது ஜெய்தூன் பீவியின் நடை. வெள்ளிதோறும் மூன்று மணிக்குக் குடையை விரித்துக்கொண்டு கிளம்புவாள். கிளம்பும் முன் வீட்டைச் சுற்றி வருவாள். தொட்டி ஒழுகுகிறதா, மோட்டார் ஓடுகிறதா, சுவரில் புது ஆணி உண்டா என்று எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொள்வாள். வீட்டுக்குள்ளிருந்தே பேசுவதுபோல் பதில் சொல்ல வேண்டுமே! ரயில் பாதையைத் தாண்டி முக்கால் மணி நேரம் நடந்து, ஜெயமேரியின் வீட்டில் அஸர் தொழுதுவிட்டு, போன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள்.

“ஒரு ஆட்டோவாச்சும் அனுப்புறேம்மா.”

“ஆட்டோக்காரன் ஊரெல்லாம் சொல்லிருவான். எனக்கென்ன, கால் இல்லையா?”

ஒருநாள் சுக்கூர் கேட்டான். “என்னம்மா, கோயில் மணி இம்புட்டுக் கிட்டத்துல கேக்குது?”

“காத்து இங்கிட்டு அடிக்குதுப்பா.”

சொல்லிவிட்டு ரிசீவரைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் ஜெயமேரியும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

2001 மே மாதம். கத்திரி வெயில். அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போன் அடித்தது. ஸ்டூல் காலியாக இருந்தது. ஜெயமேரி வாசலைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது முறையும் அடித்து ஓய்ந்தது. சத்தியம் செய்த கை, மடியிலேயே கிடந்தது.

அந்த நேரம், ரயில் பாதையோரம் விரித்த குடைக்குப் பக்கத்தில் ஜெய்தூன் பீவி விழுந்து கிடந்தாள். கொய்யாப்பழம் விற்ற பெண் ஒருத்தி ஓடிவந்து தலையை மடியில் எடுத்து வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். “மணி நாலாச்சா?” என்று ஜெய்தூன் பீவி கேட்டாளாம். அதுதான் கடைசி.

பாஸ்போர்ட் அரபி முதலாளியின் கையில். லீவு கிடைத்துச் சுக்கூர் வந்துசேர்ந்தபோது அடக்கம் முடிந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அம்மாவின் அறையைத் திறந்தான். ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தண்ணீர்ப் பானை. அவன் கண்கள் எதையோ தேடின. முன் வீட்டுக்குப் போய்க் கேட்டான்.

“போனா? இந்த வளவுலயே போன் கிடையாதே பாய். நாங்களே பேசணும்னா பூத்துக்குத்தான் போறோம்” என்றார்கள் அங்கே குடியிருந்த தையல்காரக் குடும்பத்தார்.

குழப்பத்தோடு அவன் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, வாசலில் ஜெயமேரி நின்றாள். கையில் ஒரு துணிப்பை.

“உள்ள வரலாமா பாய்?”

“...வாங்க டீச்சர்.”

அவள் பையிலிருந்து, துவைத்து மடித்த தொழுகை விரிப்பு ஒன்றை எடுத்து அவன் முன் வைத்தாள். மக்காவிலிருந்து அவன் வாங்கி அனுப்பிய பச்சை விரிப்பு.

“இது எப்படி உங்ககிட்ட?”

ஜெயமேரி சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்கக் கேட்க அந்த முரட்டு மனிதனின் தோள்கள் சரிந்துகொண்டே வந்தன.

“அந்தக் கோயில் மணி...” என்றான்.

“எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் பாய்.”

“அன்னைக்கு மூணு தடவை அடிச்சேன் டீச்சர். எடுக்கலேன்னதும், அம்மாவுக்கு எம்மேல அம்புட்டு அலட்சியமாப் போச்சான்னு திட்டிக்கிட்டே வச்சேன். திட்டிக்கிட்டே வச்சேன்!” கையால் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“நான் பக்கத்துலதான் இருந்தேன். எடுத்திருக்கலாம். இல்லேன்னா போனை விட்டுட்டுத் தேடி ஓடியிருக்கலாம். ரெண்டும் செய்யலையே பாய் நான்!” அதுவரை அடக்கியிருந்த ஜெயமேரி உடைந்து அழுதாள்.

பிறகு சுக்கூர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “திரும்பி வந்துருங்க டீச்சர். அடுத்த மாசம் முன் வீடு காலியாகுது. பதினோரு மாசம், பன்னெண்டு மாசம்னு ஒரு கணக்கும் வேணாம். உங்க மக கல்யாணம் இந்த வீட்லயே நடக்கட்டும்” என்றான்.

ஜெயமேரி விரிப்பின் ஓரத்தை ஒருமுறை தடவினாள்.

“வந்தா, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்தப் பின் வீட்டுக் கதவையே பார்த்துக்கிட்டு இருப்பேன் பாய். என்னால ஏலாது. போனைக்கூட நேத்து எடுத்துரச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன்.” எழுந்து, காலிப் பையை மடித்துக்கொண்டாள். “வாரேன்.”

சந்தில் வரிசையாக நின்ற குடங்களைத் தாண்டி அவள் தெருவுக்குப் போவதை அவன் நின்று பார்த்தான். அவள் முனை திரும்பி மறைந்தாள். சுக்கூர் அம்மாவின் அறைக்குள் போனான். உள்பக்கத் தாழ்ப்பாள் விழும் சத்தம் முன் வீடு வரை கேட்டது.